புகை வராத வண்டி

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக ஒரு டாக்ஸி இருந்தது. நான் அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேரும் அந்த வண்டியும்தான். மாமனார் மாமியார் எனக்கு முந்தியே போய்விட்டார்கள். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்த்து, வண்டி ஓட்டப் பழக்கி, எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்ததும் அவர்தான்.

அவர் எனக்கு அத்தான் முறை. ஆனால் நேருக்கு நேராக நின்று அப்படிக் கூப்பிட்டது கிடையாது. அந்தக் காலத்தில் புருஷனுடைய அண்ணன் முன்னால் வந்து நிற்கக் கூச்சப்படுவோம். சாப்பாடு தயார் என்றால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன், அவர் வந்து உட்காருவார். நல்ல உயரம், பேச்சு குறைவு. ரசம் நன்றாக இருந்தால் இன்னொரு தடவை கையை ஏந்துவார். அதுதான் அவர் சொல்லும் பாராட்டு.

செங்கோட்டைக்கு மேற்கே மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அத்தான் டிரைவராக இருந்தவர். சுதந்திரம் வந்த பிறகு துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். போகும்போது தன் பழைய காரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்திய வண்டி. கரும்பச்சை நிறம், பின்சீட்டில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். முன்னால் கிராங்குக் கம்பியை மாட்டிச் சுற்றினால்தான் கிளம்பும். அதற்கு டாக்ஸி பர்மிட் வாங்கி, பெரிய கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் நிறுத்தி, அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டினார்கள். வருஷத்தில் மூன்று மாதம்தான் பிழைப்பு. ஆனியில் சாரல் விழுந்ததும் மதுரை, விருதுநகர் ஆட்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். அவர்களைக் குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு ஏறி உட்காருவதால் சீட்டுத் துணியெல்லாம் எண்ணெயாகிவிடும். தினமும் அதைக் கழற்றிச் சீயக்காய் போட்டு அலசுவது என் வேலை.

கல்யாணமாகி நாலாம் வருஷம் நான் உண்டானேன். அந்த வருஷம்தான் வண்டி புகைய ஆரம்பித்தது.

முதலில் கிளம்பும்போது மட்டும் ஒரு குபீர். பிறகு ஓடும்போதும் பின்னால் நீலமாக ஒரு வால் மாதிரி வந்தது. முற்றத்தில் வண்டியைக் கிளப்பினால் கொடியில் காயும் வேட்டியில் கரும்புள்ளி விழும். எனக்கு மசக்கை வேறு, அந்த வாடை வந்தாலே குமட்டும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வளையலைத் தொட்டுக் காட்டி விளக்கினார். "இது மாதிரி எஞ்சினுக்குள்ள இரும்பு வளையம் இருக்கு. ரிங்கும்பாங்க. அது தேஞ்சிட்டுதுன்னா எண்ணெய் மேல ஏறி எரியும். அதுதான் புகை."

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வருஷம் ஒரு தடவை எஃப்.சி. வாங்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் சவாரி ஏற்றக் கூடாது. அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்துக்கு ஒரு நாள் தென்காசிக்கு வந்து ஒரு மைதானத்தில் வண்டிகளைப் பார்ப்பார். முந்திய வருஷங்களில் பிரேக்கை மிதித்துப் பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் வந்தவர் புதியவர். வயது குறைந்தவர், யாரிடமும் காப்பி கூடக் குடிக்க மாட்டாராம். வண்டியை ஓடவிட்டு, பின்னால் குனிந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து சைலன்சர் வாயில் கொஞ்ச நேரம் பிடித்தாராம். கைக்குட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெய்ப் பொட்டு.

நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே சொன்னார்.

"வண்டியை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. பிரேக் பிடிக்குது, லைட் எரியுது. ஆனா இந்தப் புகையோட நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

"சீசனுக்கு ஒரு மாசம்தான் சார் இருக்கு" என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

"அதனாலதான் சொல்றேன். அருவிக்குப் போற கூட்டம் வண்டிக்குப் பின்னாலதானே நடக்கும். எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு போர் எடுத்து, புது ரிங் போட்டுக் கொண்டாங்க. அடுத்த மாசம் வருவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த வண்டிக்கான ரிங் தென்காசியிலும் கிடைக்கவில்லை, திருநெல்வேலியிலும் கிடைக்கவில்லை. மதுரைக்குப் போய் அத்தான் மூன்று நாள் அலைந்தார். வெளிநாட்டுச் சாமான் வருவதைச் சர்க்கார் குறைத்துவிட்டது, சென்னைக்கு எழுதிப் போட்டு வையுங்கள், வந்தால் அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதிப் போட்டார்கள். பதில் இல்லை.

அத்தான் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். எஞ்சின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். பிளக்கை மாற்றினார். காலையில் குனிந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் நிமிர்வார். ஒரு நாள் டைமிங் எதையோ மாற்றி வைத்துவிட்டு கிராங்கைச் சுற்றும்போது எஞ்சின் திருப்பி அடித்துவிட்டது. கம்பி கையைத் தட்டிவிட்டு, வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை இன்னொரு கையால் மடியில் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள போ. ஓடியாராத" என்றார். நான் ஐந்து மாதம். அவருக்கு அந்த நேரத்திலும் அதுதான் ஞாபகம்.

நாட்டு வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். இரண்டு மாதத்துக்குக் கையை அசைக்கக் கூடாது. இனி வண்டிக்கு எது செய்வதானாலும் என் வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் ஸ்டாண்டிலிருந்து ஒரு தகர டின்னோடு வந்தார். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முற்றத்தில் மெதுவாக என்னமோ பேசினார்கள். அத்தான் தலையை ஆட்டி மறுப்பதும், இவர் விடாமல் சொல்லுவதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என்னவென்று கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் அன்று விடியற்காலம் என் வீட்டுக்காரர் டின்னை அடுக்களைக்குக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் சூடு காட்டிக் குடு. கெட்டியா இருக்கு, ஊத்த வரமாட்டேங்கு" என்றார். ஒரு பழைய அலுமினியச் சட்டியில் அதைக் கவிழ்த்தேன். வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்தது. கந்தக வாடை. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, அது இளகும்வரை கிண்டி, சட்டியோடு எடுத்துக் கொடுத்தேன்.

அன்று எஃப்.சி. கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மறுபடியும் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தாராம். ஒன்றிரண்டு புள்ளிதான். "போர் எடுத்தாச்சா?" என்று கேட்டதற்கு அத்தான் "ஆமா சார்" என்றாராம். கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். நான் பாயசம் வைத்தேன். அத்தான் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். முகத்தில் அவ்வளவாகக் களையில்லை. கை வலி என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் அந்த வருஷம் நல்ல சீசன். சாரல் நிற்காமல் தூறியது. என் வீட்டுக்காரர் காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். அத்தான் கட்டுப் போட்ட கையோடு ஸ்டாண்டில் நின்று சவாரி பேசி அனுப்புவார். வண்டி புகைவது நின்றுவிட்டது. என் கொடித் துணிகள் வெளுப்பாக இருந்தன. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆவணியில் எனக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்தது. எனக்கு அம்மா இல்லாததால் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, தென்காசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி பறந்தது. எதிர்வீட்டு அக்காதான் லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரத்தக் கொதிப்பு ரொம்ப இருக்கு. இங்க வச்சுப் பார்க்க முடியாது. உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. பஸ்ஸுக்கு நிக்காதீங்க" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்பானேன், வீட்டில் வண்டி இருக்கிறதே. என் வீட்டுக்காரர் ஐந்தருவியிலிருந்து சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தார். பின்சீட்டில் அக்கா மடியில் தலை வைத்து என்னைப் படுக்க வைத்தார்கள். முன்னால் அத்தான் ஏறிக்கொண்டார். அப்போது கட்டைப் பிரித்திருந்தார்கள், கை மட்டும் மெலிந்திருந்தது. மணி பதினொன்று இருக்கும்.

தென்காசியில் தூறிக்கொண்டிருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதுமே வெயில். அந்த மாதத்தில் அப்படித்தான், மலையடியில் சாரல், கிழக்கே போகப் போகச் சூடும் செம்மண் காற்றும். என் வீட்டுக்காரர் வண்டியை விரட்டினார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. "மெதுவாப் போலே" என்று அத்தான் இரண்டு தடவை சொன்னார். "டாக்டரம்மா சொன்னதக் கேட்டியள்ல" என்றார் இவர். ஆலங்குளம் கடந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. தட்டல் வேகமாகி, வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அப்படியே நின்றுவிட்டது. முன்னால் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

என் வீட்டுக்காரர் இறங்கி கிராங்கை மாட்டினார். கம்பி திரும்பவில்லை. உடம்பின் மொத்தப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். அசையவில்லை. அத்தான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, "விடுலே. எஞ்சின் இறுகிப் பிடிச்சிட்டு" என்றார். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. வண்டி நின்றால் ஏன் நின்றது என்று ஆயிரம் பேசுகிறவர்கள் அவர்கள்.

ரோட்டின் இரண்டு பக்கமும் உடைமரம். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. எனக்குத் தலை வெடித்தது. ஒரு தடவை உடம்பு முழுக்க வெட்டி இழுத்ததாக அக்கா பிறகு சொன்னாள், அது எனக்குத் தெரியாது. தெரிந்தது, அத்தான் தன் வேட்டியைக் கதவுக்கும் மரக்கிளைக்குமாகக் கட்டி எனக்கு நிழல் பிடித்துவிட்டு, வெறும் டிராயரோடு நடுரோட்டில் போய் நின்றது. எதிர்த்திசையில் போன ஒரு வைக்கோல் லாரியையும் அவர் நிறுத்தினார். "இந்தப் பக்கம் போகணும் அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளையைப் போட்டிருக்கு, திருப்புங்க" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்த ரோட்டில் அவ்வளவு பெரிய லாரியைத் திருப்ப இடமில்லை. கடைசியில் ஒரு பஸ் வந்தது. ஆட்களை எழுப்பிவிட்டுக் கடைசி சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். நடுவில் எங்கும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே அந்த டிரைவர் கொண்டுவந்து விட்டார். அதற்குள் மணி மூன்றுக்கு மேலாகிவிட்டது.

ஆண் குழந்தை. அழவில்லை.

நான் கண்ணைத் திறந்து நினைவோடு பார்த்தது மறுநாள்தான். நான் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா குழந்தையும் கிடைச்சிருக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். "இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றாராம். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது அத்தான். போகும் முன்னால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று முகத்தை மட்டும் விலக்கிக் காட்டினார் என்று அக்கா சொல்கிறாள். நான் பார்த்தேனாம். எனக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. எத்தனையோ தடவை நினைத்து நினைத்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து முற்றத்தில் விட்டிருந்தார்கள். நான் வீடு திரும்பிய இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து ஒரு ரயில் பார்சல் வந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, புது ரிங். என் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி அலமாரி மேல் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நான் அடுக்களையில் தனியாக இருந்தேன். அத்தான் வந்து நிலைக்கு வெளியே நின்றார். அப்படி அவர் வந்ததே இல்லை. நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ சூடு பண்ணிக் குடுத்தியே, அது கியர் பெட்டிக்கு ஊத்துத எண்ணெய். எஞ்சினுக்கு ஊத்தக் கூடாது. கெட்டியா இருக்கதால மேல ஏறாது, புகை தெரியாது. அதுக்காக ஊத்துனோம். எஃப்.சி. முடிஞ்ச அன்னைக்கே இறக்கிட்டு நல்ல எண்ணெய் ஊத்தியிருக்கணும். ஆள வச்சு மாத்தியாச்சுன்னு தம்பிட்ட நான் பொய் சொல்லிட்டேன். குத்தாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் தூத்தல்ல ஓடுனவரைக்கும் ஓடிட்டு. வெயில்ல, அந்த வேகத்துல தாங்கல. உள்ள பேரிங் உருகிட்டு."

நான் திரும்பவில்லை.

"ஒனக்குத் தெரியணும்னு பட்டுது" என்றார். பிறகு செருப்புச் சத்தம் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று.

நான் அழவில்லை, சண்டை போடவில்லை. என் கையாலேயே கிண்டிக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சட்டியை எடுத்துக் கொல்லைக்கு அப்பால் வீசினேன். அன்றிலிருந்து அத்தானுக்கு நான் சோறு போட்ட விதம் மாறிவிட்டது. சாதத்தை வைப்பேன், குழம்பை ஊற்றுவேன், உள்ளே போய்விடுவேன். ரசத்துக்கு அவர் கையை ஏந்தினாரா என்று பார்க்க நான் அங்கே இருப்பதில்லை. சில நாளில் அவர் ஏந்துவதை நிறுத்தியிருப்பார். காய்ச்சலாகக் கிடந்தபோது கஞ்சி வைத்தேன், ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஒரு பஸ் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். வண்டியைக் கடையநல்லூரிலிருந்து ஒருவர் வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனார்.

நாலைந்து மாதம் அப்படிப் போயிற்று. மாசியில் ஒரு நாள் சாப்பிடும்போது அத்தான் தம்பியிடம், "ஆரியங்காவுக்கு அங்கிட்டு, மலையாளத்துல, ஒரு ரப்பர் எஸ்டேட்டுல டிரைவருக்கு ஆள் கேக்காங்க. பழகின மலைதான்" என்றார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிண்ணே" என்றார். மறு வாரம் ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தான் போனார். போகும்போது உள்ளே பார்த்து, "வாரேம்மா" என்று சொன்னார். நான் வெளியே வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கு ஒரு கார்டு வந்தது, இரண்டு நாள் லீவு கிடைக்கும், வரட்டுமா என்று. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் படித்துக் காட்டினேன். "எதுக்கு இப்ப? வந்து அந்த முகத்தை நான் பாக்கணுமா?" என்றேன்.

அவர் பிசைவதை நிறுத்தினார். "அண்ணன் மாத்தச் சொன்னாரு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எண்ணெய. அன்னைக்கே மாத்துன்னு சொன்னாரு. அவருக்குக் கை முறிஞ்சு கெடந்துதே, அவரால முடியுமா. நாந்தான் செய்யணும். மறுநாளே சவாரி வந்துட்டு. நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு இருந்துட்டேன். கேட்டாரு. மாத்தியாச்சுன்னு நாந்தான் பொய் சொன்னேன். டின்னு வாங்கியாந்ததும் நாந்தான். அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாரு."

"இத ஏன் இத்தன நாள் சொல்லல?"

"அவரு முந்திக்கிட்டாரு. நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." தட்டில் கையை வைத்தபடியே இருந்தார். "சத்தியம் வாங்காட்டாலும் நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார். அதற்காகவே அவரை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. நான் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அத்தனை மாதம் ஒரு மனுஷருக்கு நான் சோறு போட்ட முறையும், அவர் அதைச் சாப்பிட்ட முறையும் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள், "நான் போய் அத்தானைப் பார்த்துட்டு வாரேன்" என்றேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

செங்கோட்டையில் ரயிலேறினேன். மலைக்குள் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஆரியங்காவில் இறங்கி, எஸ்டேட்டுக்கு வழி கேட்டு நடந்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. அத்தான் லாரி ஷெட்டுக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "தம்பிக்கு என்ன?" என்றார்.

"அவுகளுக்கு ஒண்ணுமில்ல அத்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டானா" என்றார்.

பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து, "சாயா குடிம்மா" என்று கொடுத்தார். அந்த ஊர்ப் பேச்சு அவர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அத்தான் எங்கிட்ட பொய் சொன்னிய?"

"நீ அவன்கூடல்லா இருக்கணும். எங்கூட இருக்க வேண்டியதில்லையே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், அரிசி வாங்கினாயா என்று கேட்கிற மாதிரி. கொஞ்சம் கழித்து, "அது முழுப் பொய்யும் இல்லம்மா" என்றார். "அவன் மாத்தலன்னு எனக்குத் தெரியும். மாத்தியிருந்தா வண்டி திரும்பப் புகைஞ்சிருக்கும்லா. புகையாமப் போறதத் தெனமும் ஸ்டாண்டுல நின்னு பார்த்தேன். சீசன் முடியட்டும்னு நானும் பேசாம இருந்தேன். அன்னைக்கு ஒன்னைய அந்த வண்டியில ஏத்தும்போதும் நெனச்சேன். வேற வண்டி பிடிப்போமான்னு வாய் வரைக்கும் வந்துட்டு. ஒரு மணி நேரப் பாடுதான, போயிரும்னு விட்டுட்டேன். அவன் ஒரு தப்பு செஞ்சான். நான் தெரிஞ்சே ரெண்டு செஞ்சேன்."

"வீட்டுக்கு வாங்க அத்தான்" என்றேன்.

"வாரேன். ஒரு நாள் வாரேன்."

"நான் செஞ்சதுக்கு…" என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல கையை லேசாகத் தூக்கி நிறுத்திவிட்டார். "நாலு மணி வண்டியைப் பிடிச்சாத்தான் இருட்டுக்கு முந்தி செங்கோட்டை போகலாம்" என்றார். ஸ்டேஷன்வரை கூட வந்தார். மலை வழியில் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார்.

ஒரு நாள் வருகிறேன் என்றவர் ஒரே ஒரு தடவை வந்தார். மூன்று வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தபோது. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். தூக்கிக்கொள்ளுங்கள் என்றேன். "கையில பெலம் இல்லம்மா" என்றார். அன்றைக்கு ரசம் வைத்திருந்தேன். கேட்டுக் கேட்டு ஊற்றினேன். போதும் போதும் என்றார். இருந்துவிட்டுப் போங்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், கெஞ்சிய மாதிரி கூட இருந்தது. சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார்.

மகளுக்கு நாலு வயது நடக்கும்போது எஸ்டேட்டிலிருந்து தந்தி வந்தது. மஞ்சள் காமாலை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயே எல்லாம் செய்தோம். அவருடைய லைன் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாள் அவரைப் பற்றி நல்லதாக என்னென்னவோ சொன்னாள். பாதிதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்ததும், என் பக்கம் திரும்பாமலே, "என்னாலதான அவரு வீட்டை விட்டுப் போனாரு" என்றார்.

என்னாலும்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். வார்த்தை எனக்குள் இருந்தது, வரவில்லை. பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையை நிமிர்த்தி அவர் மடியில் மாற்றி வைத்தேன். அவர் அவளைக் குனிந்து பார்த்துவிட்டு, முகத்தில் வெயில் படாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். செங்கோட்டை வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.